யாரும் கேட்காத விடை

மேனேஜர் தரணிபதி ஒரு பெரிய கணக்குக்குத் தானே புரோகிராம் எழுதி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மட்டும் அளந்தார். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"இதே கணக்குக்கு நீங்க எழுதின புரோகிராமெல்லாம் ஒரு நிமிஷம் ஓடுது. வேகம் இல்லாதவங்க வீட்டுக்குப் போகலாம்" என்று தன் குழுவில் மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பியும் விட்டார். அடுத்தது பூங்கோதை.

பையை எடுத்துக்கொண்டே அவள் கேட்டாள். "சார், அந்த விடையைக் கொஞ்சம் திரையில காட்டச் சொல்லுங்களேன்."

"அதுக்கென்ன" என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினார். இரண்டு நிமிஷம் ஆயிற்று.

பின்னால் நின்ற முதலாளி, "என்னம்மா இது?" என்றார்.

"விடையை யாரும் கேட்கலைன்னா, புரோகிராமை ஓட்டுற விர்ச்சுவல் மெஷின் அந்தக் கணக்கைப் போடாமலே தள்ளிவிட்டுடும் சார். அது சும்மா இருந்த வேகத்தைத்தான் இவர் அளந்தார்."

முதலாளி காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"அந்த மூணு பேரும் இதைத்தான் சொல்ல வந்தாங்க சார்" என்றாள் பூங்கோதை. "அவங்களையும் யாரும் கேட்கல."