அய்யனார் திடலில் கொட்டிய மஞ்சள் மண்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது அங்கே பெண் எடுத்திருப்பீர்கள், பிறகு எனக்குத்தான் பொல்லாப்பு. வைகைக்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் எல்லையில், தோல் பதனிடத் தேவையான ரசாயன உப்பு காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. அதை ஒட்டி அய்யனார் கோயில் திடல். மழை பெய்தால் திடலில் தண்ணீர் தேங்கும். மேடாக்க மண் வேண்டும் என்று ஊர்த் தலைவரான அம்பலம் ராக்கப்பன் ஆலை மேலாளரிடம் போய்க் கேட்டார். குவிந்து கிடந்த கழிவு மண்ணை எங்கே தள்ளுவது என்று முழித்துக்கொண்டிருந்த மேலாளருக்கு, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. லாரி லாரியாகக் கொட்டினார். மண் மஞ்சளாக இருந்தது. சாமி இடத்துக்கு மஞ்சள் மண் அமைகிறது என்றால் சும்மாவா என்று ஊரே பூரித்துப்போய், அந்த வருஷம் மேலாளர் தலையில் முதல் பரிவட்டம் கட்டியது. வெட்கக்கேடு, கேளுங்கள். அதன்பிறகு திடலில் புல் முளைக்கவில்லை. அதையும் அய்யனார் மகிமை என்றார்கள். செதுக்குகிற வேலை மிச்சம் என்று சிரிப்பு வேறு.

ஆலை மூடி வெகுகாலம் கழித்து, மண்ணைச் சுத்தம் செய்ய அரசாங்கத்தில் ஆள் அனுப்பினார்கள். வந்த பொறியாளர் பெயர் மங்கையர்க்கரசி. மண்ணைச் சோதித்துவிட்டு, ஆலையோடு சேர்த்துத் திடலையும் வேலி போட்டு அடைத்தார். ஊர்க் கூட்டத்தில் நின்று சொன்னார்: "ஒரு பிடி மண் கூட வேலியைத் தாண்டக் கூடாது. கால்ல பட்டா புண்ணு வரும், லேசுல ஆறாது."

"ஆலை விஷம் சாமி இடத்துக்கு எப்படிங்க வந்துச்சு? காத்துலயா?" என்று ஒருவர் கேட்டார்.

"லாரியில வந்திருக்கு. யார் கேட்டு வந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

ராக்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தது.

மண்குதிரைகளைத் தோளில் தூக்கிப் போய் அய்யனாருக்கு வைக்கும் புரவி எடுப்புத் திருவிழா நெருங்கிவிட்டது. குதிரை செய்ய, திடலிலிருந்து குயவரான வேளாருக்குப் பிடிமண் கொடுக்க வேண்டும். பிடி என்பது பேச்சுக்குத்தான். அந்த ஊரில் ஒரு கூடை நிறையக் கொடுப்பார்கள். வேளார் அதைத் தன் களிமண்ணோடு சேர்த்து வெறுங்காலால் மிதித்துக் குழைப்பார். சாமி மண் கலக்காத குதிரையை யாரும் தோளில் தூக்க மாட்டார்கள். குதிரை செய்கிற சொக்கலிங்க வேளார் பக்கத்து ஊர்க்காரர். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

ராக்கப்பன் தன் கொல்லையில் ஒரு கூடை நல்ல மண் வெட்டிப் பட்டுத் துணியால் மூடினார். வேளார் காலும் தப்பும், திருவிழாவும் நடக்கும் என்பது அவர் கணக்கு. வேலி போடுமுன்பே திடலில் எடுத்து வைத்த மண் என்று ஊராரிடம் சொன்னார். ஊரும் நம்பியது. அப்படியானால் விஷமண் என்று தெரிந்தேதான் வேளார் கையில் கொடுக்க அத்தனை பேரும் கூடி நின்றிருக்கிறார்கள். சொல்லவே நாக்கூசுகிறது.

பிடிமண் கொடுக்கிற நாளில் ஊர் மந்தையில் மேளம் கொட்டியது. சொக்கலிங்க வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து கூடையை வாங்கினார். அப்போது ராக்கப்பனின் மனைவி அழகம்மை முன்னால் வந்தார்.

"நில்லுங்க வேளாரே. இது சாமி மண்ணு இல்ல, எங்க கொல்லை மண்ணு. திடல்ல கெடக்கறது ஆலைக் கழிவு. நாங்கதான் கேட்டு வாங்கிக் கொட்டுனோம். அதை மிதிச்சா கால் புண்ணாகுமாம்."

மேளம் நின்றது. வேளார் கூடையை இறக்கி வைத்தார். கீழே உட்கார்ந்து வலது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளங்காலில் குழிவிழுந்த புண்.

"போன புரவி எடுப்புல வந்தது, அம்பலமே. சாமி குத்தம்னு நெனச்சேன். என்ன தப்புப் பண்ணுனோம்னு தெரியாமயே அன்னையிலேர்ந்து வெரதம் இருக்கேன்."

விஷமண்ணை வெளியே விடாதவர் மங்கையர்க்கரசி. வேளாரின் காலுக்காகப் பொய் சொன்னவர் ராக்கப்பன். திருவிழா நின்றாலும் நிற்கட்டும் என்று போட்டு உடைத்தவர் அழகம்மை. இந்த மூவரில் வேளாருக்குச் சரியானதைச் செய்தவர் யார்?

விடை: அழகம்மை. மங்கையர்க்கரசி செய்ததில் குறையில்லை. ஆனால் அப்படி ஒரு வேளார் இருப்பதே அவருக்குத் தெரியாது. ராக்கப்பன் காலைக் காப்பாற்றியது நிஜம்தான், ஆனால் இனி வரும் புண்ணிலிருந்து மட்டும். வேளாரிடம் உண்மையைச் சொன்னால் லாரி மண் கதையும் வெளியே வரும் என்றுதான் கூடைக்குப் பட்டுத் துணி போட்டார். அவர் கணக்குப் பலித்திருந்தால் வேளார், செய்யாத தப்புக்குச் சாகும்வரை விரதம் இருந்திருப்பார். தன்மேல் குற்றமில்லை என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்தது அழகம்மையால்தான். ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள் வேளாரே என்று அன்றைக்கு அந்த மந்தையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.