பிரதானி எழுதிய தடை ஏடு

மருதங்காட்டு ராஜாவுக்குத் திடீரென்று இலக்கிய ஆசை பிடித்துக்கொண்டது. பக்கத்து நாட்டு ராஜா தன் நாட்டுப் பாடல்களையெல்லாம் தொகுத்துவிட்டாராம். நமக்கு மட்டும் என்ன குறை? அரண்மனைப் புலவர் தெய்வச்சிலையைக் கூப்பிட்டார்.

"நம் நாட்டு இலக்கியம் முழுவதையும் தொகுத்துக் கொண்டுவாரும்!"

புலவர் கிளம்பினார். களத்துமேடு, படகுத்துறை, தறிக்கூடம் என்று பன்னிரண்டு வருஷம் அலைந்தார். ஆயிரத்து இருநூறு பாட்டை ஓலையில் எழுதிக்கொண்டு திரும்பினார். பாடியவர்களில் பாதிப் பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். அந்த ஓலைகளை விட்டால் வேறு பிரதி கிடையாது.

அரண்மனையில் பிரதானி விருத்தாசலம் காத்திருந்தார். ராஜாவைக் குறை சொல்லும் பாட்டைக் கண்டுபிடித்துத் தள்ளுவது அவர் உத்தியோகம். இலக்கியத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆனால் மோப்பம் பிரமாதம். ஒரே மாதத்தில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு பாட்டைத் தள்ளிவிட்டார். மிஞ்சிய நாலும் அவருடைய மச்சான் எழுதியவை.

"தள்ளியதை இன்றே எரித்துவிடலாம் மகாராஜா" என்றார் பிரதானி. முற்றத்தில் விறகுகூட அடுக்கியாகிவிட்டது.

 புலவர் பணிவாகக் கும்பிட்டார்.

"மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம். எந்தப் பாட்டை ஏன் தள்ளினார் என்று பிரதானி தம் கையாலேயே தடை ஏடு எழுதியிருக்கிறார். எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டார். அந்த நுட்பத்தைச் சபையும் கேட்க வேண்டாமா?"

பிரதானிக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரே வாசித்தார்.

"'ஆனை தின்னுது கட்டுக் கரும்பு, பாகன் குடிப்பது பழங்கஞ்சி.' காரணம்: ஆனை என்பது மகாராஜா."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'அழாதே கண்ணே, பூச்சாண்டி வருவான்.' காரணம்: பூச்சாண்டி என்பது மகாராஜா."

சபையில் யாரோ இருமினார்கள். பிரதானி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"'வத்திப்போன குளத்துக்கு வாசலிலே ரெண்டு காவல்.' காரணம்: வற்றிய குளம் என்பது மகாராஜாவின் மூளை."

"நிறுத்தும்!" என்று ராஜா எழுந்துவிட்டார். "ஆனைப் பாட்டை என் பட்டாபிஷேகத்திலேயே பாடினார்களே! நான் தாளம் போட்டுக் கேட்டேனே! ஆனையை ஆனை என்றுதானே நினைத்தேன்?"

"பாடியவளும் ஆனையைத்தான் நினைத்தாள் மகாராஜா. அவள் பாகன் பெண்டாட்டி" என்றார் புலவர். "பூச்சாண்டிப் பாட்டுக்காரி உங்களைப் பார்த்ததே இல்லை. அந்தக் குளம் கீழையூரில் இருக்கிறது. இன்றும் வற்றித்தான் கிடக்கிறது."

"அப்படியானால் என் மூளையை வற்றிய குளம் என்று சொன்னது யார்?"

"கையெழுத்து பிரதானியுடையது. ஓலைக்கு ஓலை முத்திரையும் வைத்திருக்கிறார்."

பிரதானி ஏட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார்.

"பாட்டுகள் அத்தனையும் பத்திரமாக இருக்கட்டும். அந்தத் தடை ஏட்டைத் தூக்கி விறகில் போடுங்கள்!" என்று ராஜா கத்தினார்.

புலவர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "ஐயையோ, வேண்டாம் மகாராஜா! வசை இலக்கியம் என்று தொகுப்பில் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தேன். நாடு முழுக்க அலைந்தும் உங்களைத் திட்டி ஒரு வரி கிடைக்கவில்லை. இப்போதுதான் ஒரு நூலே கிடைத்திருக்கிறது. அதுவும் ஆசிரியர் பெயரோடு!"

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிரதானியின் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவிப் புலவருக்குப் போர்த்தினார்.

"சேர்த்துக்கொள்ளும் ஓய்! ஆனால் அதற்கு உரை எழுத இந்த ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்!"