ஆறு தள்ளிவிடும் பக்கம்

நோர்வேயின் சமவெளியில் அகலமான ஆறு ஒன்று ஓடுகிறது. சத்தம் போடாத ஆறு. அதனாலேயே ஆட்களை ஏமாற்றும். ட்ரவுட், கிரேலிங் என்ற மீன்கள் அதில் உண்டு. அங்கே புழு வைத்துப் பிடிப்பதில்லை. கொக்கியில் இறகைச் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, நிஜப் பூச்சி வந்து இறங்குவதுபோல் வீச வேண்டும்.

பஸ் ஓட்டும் யோகமலர் ஓய்வு நாட்களில் அதைக் கற்றுக்கொடுத்தாள். அவளிடம் படிக்க வந்த தில்லையம்பலம் அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஊரில் போர்க்காலத்தில் கடல்நீரேரியைத் தாண்டும்போது படகு கவிழ்ந்து, தம்பியைக் கண்ணெதிரே பறிகொடுத்தவர். அன்றிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீரைக் கண்டாலும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தோடேயே சாகக் கூடாது என்றுதான் வந்தார். மீன்மேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை.

கரையில் நின்று கேட்டார். "ரீச்சர், இந்தப் பயம் எப்ப போகும்?"

அவள் ஊன்றுதடியை நீட்டினாள். "முதல்ல தடியை ஊண்டுங்கோ. பிறகு காலை வையுங்கோ."

இறங்கினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? ஒவ்வொரு கல்லும் அவருக்குப் பள்ளமாகத் தெரிந்தது. ஆற்றின் நடுவே நீருக்கடியில் நீண்டு கிடந்த கூழாங்கல் மேட்டுக்கு அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். மேல்முனை வழியாகத்தான் கரைக்கு வரலாம்; இரண்டு பக்கமும் ஆழம்.

"இதில நிண்டு வீசுங்கோ. கீழ்ப்பக்கமா மட்டும் நடக்காதேங்கோ."

"ஏன்?"

"போகேக்கை ஆறு தள்ளிவிடும். வரேக்கை விடாது."

அவள் சற்று மேலே போய் நின்றுகொண்டாள். தூண்டிலைக் கையில் வைத்திருந்தாளே தவிர வீசவில்லை.

மதியம் தாண்டியதும் பூச்சிகள் கிளம்பின. மீன்கள் மேலே வந்து வாய் வைத்தன. தில்லையம்பலத்தின் பொய்ப்பூச்சியை ஒரு கிரேலிங் கவ்வி, பிறகு நழுவியது. சற்றுக் கீழே இன்னொன்று துள்ளியது. ஓரடி வைத்தார். அதற்கும் கீழே பெரிதாக ஒன்று. மேலும் சில அடிகள். நடப்பது சுகமாக இருந்தது. தடியை எப்போதோ தோளில் தூக்கிப் போட்டிருந்தார்.

திடீரென்று அவருக்கே தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. சிறுபிள்ளைபோல் கூவினார்.

"ரீச்சர்! பயம் போயிட்டுது!"

யோகமலரின் கையிலிருந்து தூண்டில் விழுந்தது. அது மிதந்து போவதை அவள் பார்க்கவில்லை.

"அப்பிடியே நில்லுங்கோ! திரும்பாதேங்கோ!"

அதற்குள் அவர் திரும்பிவிட்டார். தண்ணீர் நெஞ்சில் மோதியது. காலடியில் கூழாங்கற்கள் உருண்டு போயின. ஓரடி எடுத்தால் இரண்டடி பின்னால் தள்ளியது. மேடு முடிந்து ஆழம் தொடங்கும் இடம் அவருக்குப் பின்னால் கறுப்பாகக் கிடந்தது. படகு கவிழ்ந்த அந்த இரவு மொத்தமாகத் திரும்பி வந்தது.

"ரீச்சர், என்னை விட்டிடாதேங்கோ!"

"தடியை ஊண்டுங்கோ! ஊண்டிக்கொண்டு நில்லுங்கோ!"

அவள் மேலிருந்து ஒவ்வோர் அடியாக ஊன்றி ஊன்றி வந்தாள். அவருக்கு முன்னால் வந்து, வெள்ளம் தன் முதுகில் மோதும்படி நின்றாள். அவருடைய காலடியில் இழுப்பு கொஞ்சம் தணிந்தது.

"என்ர இடுப்புவாரைப் பிடியுங்கோ. நான் கால் எடுக்கேக்கை நீங்கள் எடுக்கக் கூடாது."

மெதுவாக வெள்ளத்தை நோக்கித் திரும்பினாள். அவர் அவள் நிழலிலேயே நின்றார். அவள் ஓரடி, பிறகு அவர் ஓரடி. ஒருமுறை அவள் சறுக்கியபோது அவர் தடியை ஊன்றி அவளைப் பிடித்துக்கொண்டார். கரைக்கு வந்து சேர்ந்ததும் இருவரும் புல்லில் அப்படியே உட்கார்ந்தார்கள்.

தில்லையம்பலம் அவளுடைய கைகளைப் பார்த்தார். அவை அவருடைய கைகளைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"உங்களுக்கும் பயமோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமா இந்த ஆத்தில இறங்கிறியள்?"

"என்ர மகள் பிறக்க முந்தியே."

"அப்ப, இந்தப் பயம் போகவே போகாதோ?"

யோகமலர் தடியின் கயிற்றை அவர் மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ, அண்ணை."