மைக்கில் சொன்ன விதி

ஆசிரியர் நியமனக் கலந்தாய்வில் மாவட்டத்துக்குப் புவியியல் பாடத்தில் இரண்டே இடம். ஒன்று பொது, இன்னொன்று பட்டியல் இனத்தவருக்கானது. எல்லோரையும்விட அதிக மதிப்பெண் எடுத்திருந்தவள் பட்டியல் இனத்தைச் சேர்ந்த அஞ்சுகம். அவளுக்குப் பின்னால், அதே இனத்தில் அவளுக்கு அடுத்த மதிப்பெண் எடுத்திருந்த வேம்பு கைகளைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி குலசேகரன் அஞ்சுகத்தின் சாதிச் சான்றிதழைப் பார்த்தார். "உனக்குத்தான் தனி இடம் இருக்கே. அதை எடுத்துக்கோம்மா. பொது இடத்துக்கு ஏன் வர்றே?"

தான் அதை எடுத்தால் வேம்பு வெறுங்கையோடு திரும்புவாள் என்பது அஞ்சுகத்துக்குப் புரிந்தது. அவள் கோபப்படவில்லை.

"சரிங்க ஐயா. இங்கே எல்லாருக்குமே இந்தக் குழப்பம் இருக்கு. பொது இடம் யாருக்குன்னு உங்க வாயால மைக்கில ஒரு தடவை சொல்லிடுங்க."

மைக் என்றதும் குலசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்: "அனைவரும் கவனிக்கவும்! பொது இடம் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை! அதிக மதிப்பெண் யாருக்கோ, அவருக்கே!"

"ரொம்ப நன்றிங்க ஐயா. அந்த அதிக மதிப்பெண் யாருக்குன்னும் அப்படியே படிச்சிடுங்க."

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கமே காத்திருந்தது. குலசேகரன் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குரல் இறங்கியது.

"அஞ்சுகம்... பொது இடம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அது அடங்குவதற்குள் வேம்பு மேசை முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தத் தனி இடம்... அடுத்த மதிப்பெண் என்னுது."