நூறு அடி

முன்னொரு காலத்தில் வேளங்குறிச்சிச் சீமையை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் மாலை போட்ட கழுத்துக்கு மத்தியானம் கயிறு போடுவான். அப்படியொரு குணம்.

மூன்று வருஷமாக மழை இல்லை. அரண்மனைக் கிணறும் வற்றியது. அரண்மனை அதிகாரி சிங்கபூபதி இடம் காட்டித் தோண்டிய இரண்டு கிணறுகளிலும் தண்ணீர் வரவில்லை. அதனால் ராஜா ஒச்சாயி என்ற கிணறு வெட்டுகிறவளை வரவழைத்தான். சிங்கபூபதிக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் சபையில் வந்து சொன்னான். "மகாராஜா, அறுபது அடி போயாச்சு, வெறும் பாறை. உங்களை ஏமாற்றுகிறாள். வேலையை நிறுத்திவிட்டேன்."

ராஜாவின் கண் சிவந்தது. "இழுத்து வாருங்கள்! அவளுக்கு நூறு அடி கொடுங்கள்!"

அரண்மனைச் சாட்டையில் நாற்பது அடியைத் தாண்டிப் பிழைத்தவன் கிடையாது.

ஒச்சாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அன்று காலை வெட்டிய கல்லில் லேசாக ஈரம் பார்த்திருந்தாள். அதை நம்பலாமா என்று அவளுக்கே தெரியாது. சாட்டைக்காரன் நெருங்கவும், சடாரென்று ராஜா காலில் விழுந்தாள்.

"புண்ணியமாப் போகும் மகாராசா! அறுபது அடி ஆயிருச்சு. பாக்கி நாப்பதையும் கொடுத்துருங்க. இவருதான் நிறுத்தச் சொல்றாரு."

"நான் சொன்னது சாட்டையடி!"

"கெணறு வெட்டுற எங்களுக்கு அடின்னா ஆழந்தான் சாமி."

"தந்திரம், மகாராஜா! அடி என்றால் அடிதான்!" என்று கத்தினான் சிங்கபூபதி.

ராஜா திரும்பினான். "புலவரே, அடி என்றால் என்ன?"

"செய்யுளின் வரி, அரசே."

"சமையல்காரா, உனக்கு?"

"பானையோட அடிங்க. இன்னிக்குப் பால் அடிபிடிச்சிருச்சு, மன்னிக்கணும்."

ராஜா சிரித்தான். வேறு யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை.

"சரி, உன் அடியே நடக்கட்டும். நூறிலும் தண்ணீர் இல்லையென்றால், பிறகு என் அடி."

ஒச்சாயி மறுபடி இறங்கினாள். சாட்டைக்காரன் கிணற்று விளிம்பில் நின்றான். அவன் நிழல் அவள் முதுகில் விழுந்தது. நாட்கள் போயின. எண்பது, தொண்ணூறு, காய்ந்த பாறைதான். முன்பு பார்த்த ஈரத்தைக்கூடக் காணோம்.

தொண்ணூற்றேழாம் அடியில் கடப்பாரை புதைந்தது. கணுக்காலில் குளிர்ச்சி ஏறியது. கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

அவள் மேலே வந்ததும் ராஜா சிங்கபூபதியிடம், "மழை வரும்வரை இந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊருக்கெல்லாம் நீயே உன் கையால் இறைத்து ஊற்று" என்றான். பிறகு ஒச்சாயியிடம், "கேள், பொன்னா, நிலமா?"

"செத்த நேரம் இப்படியே உக்காந்துக்கிறேன் மகாராசா. காலு நிக்க மாட்டேங்குது."

ராஜா முதல் தடவையாகத் தலைகுனிந்தான். சாட்டைக்காரனைப் போகச் சொன்னான். நன்செய் நிலமும் பொன்னும் மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தன. அவள் நடுக்கம் நிற்கத்தான் நாளாயிற்று.