சடைச்சி வளர்த்த பச்சோந்தி

குளக்கரைக் காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. தங்கமான மனசு. ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. முள்ளுக்குப் பயந்து யாரும் அதன் பக்கத்தில் போகமாட்டார்கள். "எனக்குன்னு ஒரு பிள்ளையை வளர்த்துக் காட்டுறேன்!" என்று வீம்பாகச் சொல்லித் திரிந்தது.

ஒருநாள் காற்றில் கிளை முறிந்து ஒரு பச்சோந்தி கீழே விழுந்தது. காலில் நல்ல அடி. சடைச்சி விடுமா?

"ஐயோ, என் ராசா! வா வீட்டுக்கு!"

வளையிலேயே ஆழமான, கும்மிருட்டான மூலையை அதற்கு ஒழித்துக் கொடுத்தது. தான் படுக்கிற இடத்தையே கொடுத்துவிட்டது, பாவம்! கொட்டாங்கச்சி நிறையத் தண்ணீர் வைத்தது. கிழங்கு தோண்டி வந்து குவித்தது.

பச்சோந்திக்கு நடை மெதுவென்றால் பேச்சு அதைவிட மெது. ஒரு கண்ணை இந்தப் பக்கம் உருட்டி, மறு கண்ணை அந்தப் பக்கம் உருட்டி, "அக்கா... எனக்குக் கொஞ்சம் வெயில்..." என்று இழுத்தது.

"வெயிலா? கண்ணு கெட்டுப்போகும்!"

"கிழங்கு எனக்கு..."

"பத்தலையா? இதோ கொண்டு வர்றேன்!"

மூன்றாம் நாள் பச்சோந்தி கறுத்துப்போனது. சடைச்சிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. குளத்துத் தவளையைக் கூப்பிட்டுக் காட்டியது.

"பார்த்தியா! அப்படியே என் நிறம்! என் வளர்ப்புன்னா சும்மாவா?"

தவளை உற்றுப் பார்த்தது. "நிறம் கிடக்கட்டும். வயிறு முதுகோட ஒட்டிக் கிடக்கே! செத்துகித்துப் போயிடப்போகுது!"

சடைச்சிக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ! இப்ப என்ன செய்ய?"

"குளத்துல முக்கி எடு. எனக்கு எல்லா நோவும் அதுலதான் போகும்!"

இரண்டுமாய்ப் பச்சோந்தியை வெளியே இழுத்து வந்தன. முதுகில் வெயில் பட்டது. எதிரே ஒரு வெட்டுக்கிளி தத்தியது. சடக்! நாக்கு நீண்டது. வெட்டுக்கிளியைக் காணோம்.

தவளை வாயைப் பிளந்தது. "அடப்பாவி, அது நான் பார்த்து வச்சது!"

பச்சோந்தி மெல்லப் பக்கத்துப் புதரில் ஏறி, இலைகளில் நின்ற பனித்துளிகளை ஒவ்வொன்றாக நக்கிக் குடித்தது. சடைச்சி பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றது. அதனால் பச்சோந்தியால் பேசி முடிக்க முடிந்தது.

"அக்கா, ஓடுற பூச்சிதான் எனக்குச் சாப்பாடு. இலைத்துளிதான் தண்ணி. வெயில் படுற கிளைதான் வீடு."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, ராசா?"

"மூணு நாளா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

சடைச்சி விக்கி விக்கி அழுதது. மறுநாளிலிருந்து காலையில் குளத்தில் முங்கி வந்து, புதருக்குப் பக்கத்தில் நின்று முள்ளைச் சிலிர்த்து உதறும். இலையெல்லாம் துளித்துளியாய் நனையும்.

ஒருநாள் தவளை வந்து கேட்டது: "எங்கே உன் பிள்ளை? பச்சை இலையைத் தவிர ஒண்ணும் கண்ணுல படலையே!"

"படலையா?" என்று சிரித்தது சடைச்சி. "அப்ப நல்லா இருக்கான்!"

ஆகவே, யாருக்காவது நல்லது செய்யப் போகிறவர்கள், அவருக்கு என்ன வேண்டுமென்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.