மூன்றாவது கிழங்கு

ஒரு காட்டில் ஒரு முயலுக்குப் பெரிய அநியாயம் நடந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் அதற்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். அதனால் அதன் பால் வற்றியது. நான்கு குட்டிகளும் பசியில் துவண்டன. கொடுத்தது யார் தெரியுமா, பிள்ளைகளே? முள்ளம்பன்றி!

முள்ளம்பன்றி மகா கெட்டிக்காரன். காய்ச்சலைத் தீர்க்கும் நிலவேம்பின் குணத்தைப் பிரித்தெடுத்து, சர்க்கரைவள்ளிக் கொடிக்குள்ளேயே புகுத்திவிட்டது. கிழங்கு கசக்கவே இல்லை. காய்ச்சலில் கிடந்த மான்குட்டி அரைக் கிழங்கு தின்றதும் எழுந்து ஓடியது. அதுவரை எல்லாம் சரிதான்.

ஆனால் கெட்டிக்காரனுக்குப் பெருமை தாங்கவில்லை. மழைக்காலத்துக்காக எல்லா விலங்குகளும் குகையில் சேர்த்து வைத்திருந்த கிழங்குகளோடு, சத்தமில்லாமல் தன் கிழங்கையும் கலந்துவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. முயல் வழக்கம்போல வயிறு நிறையத் தின்றது.

சில நாள் கழித்து முள்ளம்பன்றியே பீற்றிக்கொண்டது: "இந்த மழைக்கு யாருக்காவது காய்ச்சல் வந்ததா? எல்லாம் நான் கலந்த கிழங்கு!"

முயல் பதறிப்போய் ஓடியது. "என்ன அண்ணே கலந்தாய்? என் பால் வற்றிப்போச்சே!"

"மருந்துதானே கலந்தேன், விஷமா கலந்தேன்?"

"மருந்தென்றால் எவ்வளவு தின்னலாம் என்று சொல்ல வேண்டாமா?"

"அட, இது கிழங்கம்மா! கிழங்குக்கு யாராவது அளவு சொல்வார்களா?"

மறுநாள் யானை எல்லோரையும் கூட்டியது. முள்ளம்பன்றி இருபது கிழங்குகளைக் குவித்து வைத்துக்கொண்டு, "ஓடைக்கரை முழுவதும் எனக்கு வேண்டும். இனி இந்தக் கிழங்கு மட்டும் விளையட்டும்" என்றது.

"கிழங்குக்கு எதற்கு ஓடைக்கரை? மேட்டில் போடேன்!" என்றது குரங்கு.

"இதென்ன வெறும் கிழங்கா? மருந்து!"

"நேற்று என்னிடம் கிழங்கு என்றாய், இன்று மருந்து என்கிறாய்!" என்று முயல் எழுந்தது.

"நன்றி கெட்ட முயலே, உட்கார்!" என்று கூட்டம் கத்தியது.

மான் வருத்தத்தோடு சொன்னது: "தங்கச்சி, என் பிள்ளையைப் பிழைக்க வைத்த கிழங்கு அது."

"இல்லை என்று சொன்னேனா அக்கா? உன் பிள்ளைக்குக் காய்ச்சல். எனக்கு என்ன காய்ச்சல்?"

முயல் முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, ஒரே மூச்சில் இருபது கிழங்கு தின்கிறவன் நீ. இதுவும் கிழங்குதானே? இதோ இருபது இருக்கிறது. தின்று காட்டு!"

முள்ளம்பன்றி ஒன்றைத் தின்றது. இன்னொன்றையும் தின்றது. மூன்றாவதை எடுத்தது, வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

"வயிறு நிறைந்துவிட்டது..."

"இரண்டிலேயா? நேற்று என் பங்கையும் சேர்த்துத் தின்றாயே!" என்றது குரங்கு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

யானை சிரிக்கவில்லை. "மூன்றாவதைத் தின்றால் என்ன ஆகும்?"

முள்ளம்பன்றியின் முட்கள் படுத்துவிட்டன. "தலை சுற்றும். பால் கொடுக்கும் தாய்க்கு... பால் வற்றும்."

"ஆக, அளவு உனக்குத் தெரியும்! தெரிந்தே மறைத்திருக்கிறாய்!" என்றது முயல்.

இப்போது முயலை உட்காரச் சொல்ல யாருமில்லை.

யானை தீர்ப்புச் சொன்னது. குகையில் கலந்த கிழங்குகளை முள்ளம்பன்றியே ஒவ்வொன்றாக மோந்து பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். இனி மருந்துக் கிழங்கு வேலி போட்ட தனித் தோட்டத்தில்தான் விளையும். வாசலில் மைனா உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அளவு சொல்லும்.

ஒரு வாரத்தில் முயலுக்குப் பால் ஊறியது. நான்கு குட்டிகளும் புல்வெளியில் துள்ளிக் குதித்தன. அதைப் பார்த்துக்கொண்டே முள்ளம்பன்றி முணுமுணுத்தது: "என் கிழங்கு நல்லதா, கெட்டதா? அதையாவது சொல்லிவிட்டுப் போ!"

முயல் நிமிர்ந்து நின்று சொன்னது: "நல்ல மருந்து, அண்ணே. காய்ச்சல் வந்தால் நானே உன் வேலிக்கு வந்து கேட்டு வாங்குவேன். நான் கேட்காமல் என் சாப்பாட்டுக்குள் நீ வராதே!"

நீதி: நல்லதே செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்.